கல்லுப்பாறைக்கு மட்டும் வராத பதில்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் பழைய அலுவலகத்தில் ஒரு புது மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். டேட்டாபேஸ் மெதுவாக ஓடினால் எங்கே என்ன இண்டெக்ஸ் போட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம். இப்போது அங்கே என் இடத்தில் இருக்கும் சுகன்யா போனில் சொன்னாள். "அக்கா, நீங்க முழுநாளும் உக்காந்து பாத்த சோலிய இது டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சிருது" என்றாள். அவள் பேச்சில் கேலி இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. கூடவே கல்லுப்பாறை விஷயத்தை எழுதித் தரும்படி கேட்டாள். அலுவலகத்தில் அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். நான் அங்கே இருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் போடி கடைவீதியில் பாத்திரக்கடை. மதுரைக்கு ரயிலில் போய் வந்து கம்ப்யூட்டர் படித்தேன். ஊரிலேயே வேலை கிடைத்தால் போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள், ஊரிலேயே கிடைத்தது. ஏலக்காய் வியாபாரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சின்ன நிறுவனம். முதல் சில ஆண்டுகள் பிரிண்டருக்குத் தாள் போட்டேன், பேக்கப் எடுத்தேன், பிறர் எழுதியதைத் திருத்தினேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேலுச்சாமி சார் எங்களுக்குத் தலைவராக வந்த பிறகுதான் நான் தொழில் கற்றேன்.

சார் மதுரையில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். சத்தம் போட மாட்டார். நம் கீபோர்டைத் தொடவே மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். "சார், குவெரி சரியா வருது, பத்து வரி குடுக்குது" என்போம்.

"குடுத்தது பத்து. பாத்தது எத்தனை?"

அவ்வளவுதான் கேட்பார். பதில் தெரியாவிட்டால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். திட்டு வாங்கியிருந்தால்கூட மறந்திருப்போம்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்குத்தான் குவெரி என்று பெயர். "எனக்குப் பத்து வரி போதும்" என்று நாம் அதனிடம் கேட்கலாம். போதும் என்று நாம் சொல்லிவிட்டதாலேயே அது பத்து வரியை மட்டும் பார்க்கும் என்று நினைக்கக் கூடாது. ஏல நாளில் வியாபாரிகளின் திரையில் அன்றைய உச்ச விலை பத்தும் தெரியும்படி எழுதியிருந்தோம். காலையில் பட்டென்று வரும். ஏலம் ஏற ஏறத் திரை திணறும். என்ன நடந்தது என்றால், அந்தப் பத்து விலைக்காக டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் எல்லா விலையையும் படித்து, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, மேலே உள்ள பத்தைக் கொடுத்துவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. விலைக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டேன். இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, ஏற்கெனவே வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டது. உச்சியில் ஆரம்பித்துப் பத்தை எடுத்ததும் நிறுத்திக்கொள்ளலாம். அப்படி நிறுத்த முடிவதுதான் இதில் உள்ள லாபம். அன்று சார் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "பாத்ததும் பத்துதான் சார்" என்றேன். தலையை ஆட்டினார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இதையெல்லாம் செய்து எனக்குக் கொஞ்சம் கெட்டிக்காரி என்ற பெயர் வந்திருந்த காலத்தில்தான் மலைச் செய்திச் சேவை எங்களிடம் வந்தது.

மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து அதைக் கேட்டார்கள். போடியிலிருந்தும் தேவாரம் பக்கத்திலிருந்தும் விடிந்ததும் ஜீப்புகள் காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போகும். எந்தத் தோட்டத்துப் பக்கம் யானை நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். எனவே யானையைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் இடத்தின் பெயரோடு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். ஜீப் ஓட்டுநர் கிளம்பும் முன் தான் போகும் இடத்தின் பெயரை அனுப்பிக் கேட்பார். அந்த இடத்தில் கடைசியாக வந்த மூன்று யானைச் செய்திகள் அவருக்குப் பதிலாகப் போகும். ஒன்று மட்டும் போதாது, மூன்று வேண்டும் என்று சங்கத்தார்தான் கேட்டார்கள். ஒரு செய்தி தவறாக இருக்கலாம். மூன்றைச் சேர்த்துப் பார்த்தால் யானை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். நியாயமான கோரிக்கைதான்.

சேவை மலையில் நன்றாகப் பரவியது. யானைக்கென்று ஆரம்பித்ததில் மழை, மண்சரிவு, ஜீப் வரும் நேரம், கூலி போடும் நாள் என்று எல்லாச் செய்தியும் வர ஆரம்பித்தது. எல்லாம் ஒரே அட்டவணையில் போய்ச் சேர்ந்தன. அதை முதலில் எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் எழுதிய நாளில் அது சரியாகத்தான் இருந்தது. அட்டவணைதான் அதற்குப் பிறகு பெருத்துக்கொண்டே போனது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் பெருமாள் என்ற ஓட்டுநர் கல்லுப்பாறைத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார். போடிமெட்டில் நிறுத்திக் கல்லுப்பாறை என்று அனுப்பிக் கேட்டிருக்கிறார். சற்று நேரம் கழித்துத் 'தகவல் இல்லை' என்று பதில் வந்தது. போய் இறக்கிவிட்டார். பெண்கள் செடிகளுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யானை எழுந்து வந்தது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். முத்தம்மா என்பவர் சரிவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. யானை அவரைத் தாண்டி அதன் வழியே போயிற்று. அவர் உயிரோடு இருந்ததற்கு யாருடைய கெட்டிக்காரத்தனமும் காரணம் இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலமே பக்கத்துத் தோட்டத்துக் காவலாளி, கல்லுப்பாறை ஓடையில் யானை நிற்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தார். சங்க அலுவலகத்தின் திரையில் அது தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். செய்தி இருந்திருக்கிறது, ஓட்டுநர் கேட்கவில்லை, பொய் சொல்கிறார். பெருமாளின் வண்டியை நிறுத்திவிட்டார்கள். எங்கள் முதலாளிக்கும் போன் போட்டு, உங்கள் சேவையில் குறை இல்லை என்று சொன்னார்கள். முதலாளிக்கு நிம்மதி.

மறுநாள் பெருமாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். காக்கிச் சட்டையில் காய்ந்த மண் அப்பியிருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. போனை என் மேஜைமேல் வைத்தார்.

"பாருங்கக்கா. கேட்டிருக்கேன். இல்லைன்னு சொல்லியிருக்கு. இல்லைன்னு சொன்ன பெறகு நான் போகாம என்ன செய்ய?"

அந்தப் பதில் எங்கள் எண்ணிலிருந்துதான் போயிருந்தது. அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நானே சோதனை செய்தேன். மேலே யானை அடிக்கடி வரும் தோட்டங்களின் பெயரைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் உடனே மூன்று செய்தி வந்தது. கல்லுப்பாறை என்று போட்டேன். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். கடைசியில் 'தகவல் இல்லை' என்று வந்தது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். டேட்டாபேஸ் பதில் தர ரொம்ப நேரம் எடுத்தால் நிரல் காத்திருப்பதை விட்டுவிடும். அப்போது அனுப்புவதற்கென்று யாரோ எழுதி வைத்த வார்த்தை அது. தேடி முடிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். மலையில் அதைப் படிப்பவருக்கு யானை இல்லை என்று பொருள்.

முதலாளி வந்து பார்த்தார். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும், இன்றே முடித்துவிடலாம் என்றார். சார் கண்ணாடியைக் கழற்றியபடி வந்து நின்றார். என்னைப் பார்த்து, டேட்டாபேஸ் எந்த வழியில் தேடுகிறது என்று காட்டச் சொன்னார்.

எந்த டேட்டாபேஸும் தான் எந்த வழியில் தேடப் போகிறது என்று கேட்டால் சொல்லிவிடும். கேட்டேன். அது நேரத்துக்கான இண்டெக்ஸை எடுத்துக்கொண்டிருந்தது. அதாவது ஆகப் புதிய செய்தியில் ஆரம்பித்துப் பழையதை நோக்கி ஒவ்வொன்றாகப் போகும். 'இது கல்லுப்பாறையா? யானையா?' என்று பார்க்கும். மூன்று சேர்ந்ததும் நிறுத்திக்கொள்ளும். யானை அடிக்கடி வரும் இடத்துக்கு இது நல்ல வழி. மூன்று செய்தியும் மேலேயே கிடைத்துவிடும்.

கல்லுப்பாறைக்கும் அதே வழியை அது ஏன் பிடித்தது என்று அடுத்துப் பார்த்தேன். கல்லுப்பாறையிலிருந்து மழை, கூலி, வண்டி என்று தினமும் நிறையச் செய்தி வரும். மலை முழுவதையும் எடுத்துக்கொண்டால் யானைச் செய்தியும் நிறைய. இந்த இரண்டையும் வைத்து டேட்டாபேஸ் ஒரு உத்தேசம் போட்டிருந்தது. கல்லுப்பாறையும் நிறைய, யானையும் நிறைய, ஆகவே கல்லுப்பாறை யானையும் நிறைய இருக்கும், மூன்று சீக்கிரம் கிடைத்துவிடும் என்று. உண்மையில் கல்லுப்பாறைக்கு யானை வருவதே இல்லை. மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டே செய்தி. ஒன்று சேவை ஆரம்பித்த புதிதில் வந்தது. மற்றொன்று முத்தம்மா விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது.

நிரல் வழியாக இல்லாமல் நேரே டேட்டாபேஸிடம், மூன்று என்பதை ஒன்று என்று மாற்றிக் கேட்டேன். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கல்லுப்பாறை, ஓடைப் பக்கம், யானை. அந்தக் காவலாளியின் செய்திதான். இரண்டு என்று மாற்றினேன். நீண்ட நேரம் ஓடிப் பழைய செய்தியோடு வந்தது. மூன்று என்றேன். அதற்கு மேலும் ஓடியது. மூன்றாவது என்று ஒன்று இல்லாததால் அட்டவணையின் அடிவரை போய்த்தான் அது நிற்கும்.

அந்தப் பெண்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய செய்தி தேட ஆரம்பித்த உடனேயே கிடைத்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, கேட்ட மூன்றை நிரப்புவதற்காக டேட்டாபேஸ் பழைய கூலிச் செய்திகளுக்குள்ளும் மழைச் செய்திகளுக்குள்ளும் இறங்கிப் போயிருக்கிறது. அது திரும்பி வருவதற்குள் எங்கள் நிரல் பொறுமை இழந்து, தகவல் இல்லை என்று பெருமாளுக்கு எழுதி அனுப்பிவிட்டது. யானை எப்போதும் வரும் இடங்களுக்கு எங்கள் சேவை நன்றாக வேலை செய்தது. என்றைக்கோ ஒரு நாள் வரும் இடத்துக்குத்தான் செய்யவில்லை. அங்கே இருப்பவர்கள் யானையை எதிர்பார்ப்பதும் இல்லை.

சார் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "வெளிய இருக்காருல்ல, அவரக் கூப்பிடும்மா. மொதல்ல அவருக்குச் சொல்லணும்" என்றார்.

முதலாளி வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். நான் பெருமாளை உள்ளே அழைத்துவந்தேன். எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அவருக்குத் தெரிந்ததை வைத்தே சொன்னேன். மெட்டு ரோட்டில் வரிசையாக நிற்கிற ஒவ்வொரு ஜீப்பாகப் போய், கல்லுப்பாறைக்கு யானைச் செய்தி கொண்டுவந்த ஆள் இதில் உண்டா என்று கேட்டபடி இறங்குவதுபோல் இது தேடியிருக்கிறது என்றேன். முதல் ஜீப்பிலேயே ஒருவர் இருந்தார். ஆனால் மூன்று பேர் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம் என்றேன்.

பெருமாள், "ஷேர் வண்டி மாதிரி. ஆளு சேந்தாத்தான் எடுப்பேன்னு நின்னுருச்சு" என்றார்.

"ஆமாண்ணே."

"அப்ப நான் கேட்டது நெசந்தான்?"

"நெசந்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் சார். பெருமாள் மேஜைமேல் இருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

சரிசெய்வதற்குப் பெரிய வேலை இல்லை. இடம், செய்தியின் வகை, நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ். ஆனால் எது முதலில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேரத்தை முன்னால் வைத்தால் பழைய கதைதான், எல்லா இடத்துச் செய்தியும் கலந்தே கிடக்கும். இடத்தை முதலில் வைத்து, அதற்குள் வகை, அதற்குள் நேரம் என்று அடுக்கினால் கல்லுப்பாறை யானைச் செய்திகள் அடுத்தடுத்து ஒன்றாக இருக்கும். நேரே அங்கே போகலாம், புதியதிலிருந்து மூன்றை எடுக்கலாம். இரண்டுதான் இருக்கிறது என்றால் இரண்டோடு அந்த இடம் முடிந்துவிடும், அதற்கு மேல் தேட எதுவும் இல்லை. நான் அட்டவணையின் நகல் ஒன்றில் இரண்டு விதமாகவும் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை வரி பார்த்தது என்பதைச் சாரிடம் காட்டினேன். ஜீப்புகள் ஏறாத ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை நிஜ அட்டவணையில் ஏற்றினேன். அந்த இடைவெளியில் மலையிலிருந்து செய்தி வந்தால் நிற்காமல் பதிவாகிறதா என்பதைச் சாரே தன் போனிலிருந்து அனுப்பிப் பார்த்தார்.

அதோடு 'தகவல் இல்லை' என்ற சொல்லை எடுத்தோம். தேடிப் பார்த்து ஒன்றும் இல்லாவிட்டால், தேடினோம், யானைச் செய்தி எதுவும் இல்லை என்று பதில் போக வேண்டும். தேட முடியாவிட்டால் அதை அப்படியே சொல்ல வேண்டும்; விசாரிக்காமல் போக வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசிச் செய்தி எப்போது வந்தது என்பதும் பதிலில் இருக்க வேண்டும். இந்த வாக்கியங்களை நான் எழுத, சார் மூன்று முறை திருத்தினார். இண்டெக்ஸுக்கு ஆன நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆயிற்று.

சங்கத்துக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்று முதலாளி தயங்கினார். சரிசெய்தாகிவிட்டது, இனி எதற்கு என்றார். வேலை கை நழுவிவிடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் எல்லாருக்கும் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. சார் அவரிடம் வாதாடவில்லை. நாங்கள் இருவரும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம் என்று மட்டும் சொன்னார். கடைசியில் முதலாளியும் எங்களோடு வந்தார்.

சங்கக் கட்டடத்தின் மாடியில் தோட்டத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சார் எழுந்து நின்று, ஓட்டுநர் கேட்டிருக்கிறார், தவறான பதில் சொன்னது நாங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பின்வரிசையில் இருந்த ஒருவர், இனி இதை எப்படி நம்புவது என்று கேட்டார். அதற்குப் பதில் நான்தான் சொல்ல வேண்டும். உங்கள் தோட்டங்களில் யானை வரவே வராத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஆளுக்கொரு பெயராகச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் அவர்கள் போனிலிருந்தே கேட்க வைத்தேன். எல்லாவற்றுக்கும் உடனே பதில் வந்தது. ஒரே ஒரு செய்தி உள்ள இடத்துக்கு ஒன்று வந்தது. எதுவுமே இல்லாத இடத்துக்கு, தேடினோம், இல்லை என்று வந்தது. என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

பெருமாளுக்கு வண்டியைத் திரும்பக் கொடுத்தார்கள். முத்தம்மாவின் வைத்தியத்தைச் சங்கமும் எங்கள் முதலாளியுமாக ஏற்றுக்கொண்டார்கள். வேலையும் எங்களிடமே இருந்தது.

அதிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை, எந்தக் குவெரியையும் அதிகம் கிடைக்கும் பெயரை வைத்து நான் சோதித்ததில்லை. ஆகக் குறைவாக உள்ள பெயர், ஒன்றுமே இல்லாத பெயர், இரண்டையும் முதலில் போட்டுப் பார்ப்பேன். சுகன்யாவின் புது மென்பொருள் நான் போட்ட இண்டெக்ஸைத் தானாகவே சொல்லியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கல்லுப்பாறை என்ற பெயரை அதற்குக் கொடுத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். பதிலில் என்ன எழுதிப் போகிறது என்பதையும் அதே ஒருவர்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

முத்தம்மா கால் கூடி வேலைக்குத் திரும்பிய காலையில் நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். மேலே சேவை எப்படி ஓடுகிறது என்று பார்க்க சார் அனுப்பியிருந்தார். போடிமெட்டில் வண்டியை நிறுத்தினார் பெருமாள். பெண்கள் டீ குடிக்க இறங்கினார்கள். முத்தம்மா கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பெருமாள் போனில் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். எல்லாரும் ஏறினார்கள். முத்தம்மா மட்டும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்டியா பெருமாளு?"

"கேட்டேன் ஆத்தா. இல்லையாம். ஏறு."

"இல்லையாமா, தெரியலையாமா?"

பெருமாள் போனை மறுபடி எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தார். தேடினோம், பழைய செய்திகள் இவை, அவற்றுக்குப் பிறகு புதியது எதுவும் இல்லை. கடைசியாக யானை வந்தது நீ விழுந்த சமயத்தில்தான், அதற்குப் பிறகு இல்லை என்று அவரே சேர்த்துச் சொன்னார். முத்தம்மா அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஏறி, என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.